பின்சுவரைத் தொட்டுட்டு வா

பெரியவள் பிறந்த குடும்பத்தில் "தெரியாது" என்று சொல்லத் தெரிந்தவர்கள் யாருமே கிடையாது. அவள் அப்பா வழியில் எல்லோருக்கும் அந்த வியாதி. பெரியப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தவரிடம் கல்யாண வேன் ஒன்று வந்து நின்று, மண்டபத்துக்கு வழி கேட்டது. அந்த மண்டபத்தை மனுஷன் கனவில்கூடக் கண்டதில்லை. ஆனால் இரண்டு கையையும் நீட்டி, "நேரா போங்க, ஒரு தண்ணித் தொட்டி வரும், அதுல இடது பக்கம் ஒடிச்சா மண்டப வாசல்லயே இறங்கிக்கலாம்" என்று அனுப்பிவைத்தார். வேன் போய் நின்ற இடம் கல்குவாரி. பின்னால் யாரோ இதைச் சொல்லிச் சிரித்தபோது, "தொட்டிக்கு முன்னாடியே திரும்பியிருப்பானுங்க, அவசரக் குடுக்கைங்க" என்றாரே ஒழிய, தனக்கு வழி தெரியாது என்று கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை.

பெரியத்தை மாத்திரையின் நிறத்தைப் பார்த்தே நோயைச் சொல்லுவாள். சின்னத்தை வானத்தைப் பார்த்து மழை சொல்லுவாள். பெய்யாவிட்டால் வானத்தின் மேல் தப்பு. பெரியவளின் அப்பா பஸ் டெப்போவில் ஸ்டோர் கீப்பர். எந்த வண்டிக்கு எந்த போல்ட்டு என்று இருட்டில் தடவிப் பார்த்தே எடுத்துக் கொடுப்பார், அது நிஜமான ஞானம். ஆனால் டெப்போவுக்கு வெளியே வந்துவிட்டால் அவரும் அண்ணனுக்குத் தம்பிதான்.

அம்மா வழியில் வாய் கம்மி. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுகிற ஜனங்கள். மூத்தவள் என்பதால் பெரியவள் என்று கூப்பிடப்பட்ட இந்தப் பெண்ணுக்கு நிறமும் உயரமும் அப்பா வழி, நாக்கு மட்டும் அம்மா வழி. அதனால்தான் இந்தக் கதையே.

பள்ளிக்கூடம் முடித்ததும் லாரி கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். வந்த கடிதமெல்லாம் இங்கிலீஷ், போன கடிதமெல்லாம் இங்கிலீஷ். "சரக்கு வந்து சேரவில்லை, காரணம் சொல்லவும்" என்று எழுதுவதில் எத்தனை விதம் உண்டோ அத்தனையும் அவள் விரலுக்கு வந்துவிட்டது. கோபமாக எழுதினால் ஒரு பதில் வரும், மரியாதையாக எழுதினால் வேறு பதில் வரும், தெளிவாக எழுதினால்தான் சரக்கு வரும் என்று அங்கேதான் கண்டுகொண்டாள். வேலை பார்த்துக்கொண்டே தபாலில் படித்து ஒரு பட்டம் வாங்கினாள், அப்புறம் இன்னொன்று. நடுவில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மோட்டார் வைண்டிங் கடை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் புதுசாகக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக் கொடுக்கிற வேலை. குணமான ஆள், கை எப்போதும் வார்னிஷ் வாசனை.

அப்புறம்தான் கல்லூரி. உயிர்மருத்துவ அறிவியல் துறைக்கு இங்கிலீஷ் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். அந்தப் படிப்பு டாக்டர் படிப்பு இல்லை. டாக்டருக்குப் பின்னால் நின்று ரத்தத்தையும் சதையையும் கிருமியையும் சோதித்து, உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லுகிற படிப்பு.

வேலை கிடைத்த செய்தியைக் கேட்டதும் நாத்தனார் கேட்ட முதல் கேள்வி: "ரத்தத்துக்கு எதுக்குடி இங்கிலீஷ்? எந்த பாஷையில பேசினாலும் அது சிவப்பாத்தானே இருக்கும்?"

நாத்தனார் பெரியவளின் வீட்டுக்காரருக்கு மூத்தவள். டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். ஊரில் பாதிப் பேரைச் சில்லறை இல்லை என்று திருப்பி அனுப்பிய வாய். தம்பி வீட்டோடுதான் இருந்தாள்.

முதல் நாள் வகுப்பில் பெரியவளுக்குச் சோதனை வந்தது. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே பேசியவள் கடைசி வரிசை வரை போயிருந்தாள். அப்போது குறும்புக்காரன் ஒருத்தன் எழுந்தான்.

"மேடம், சென்ட்ரிஃபியூஜ்னா என்னன்னு நீங்க இங்கிலீஷ்ல விளக்கிக் காட்டுங்க. எப்படிப் பேசணும்னு நாங்க பார்த்துக் கத்துக்கறோம்."

வகுப்பு முழுக்கக் கெக்கலி. இங்கிலீஷ் டீச்சருக்கு அது என்ன வஸ்து என்றே தெரியாது என்று எல்லோருக்கும் தெரியும். பெரியவளுக்கு அப்பா வழி ரத்தம் ஒரு நிமிஷம் கொதித்து மேலே வந்தது. "அது ஒரு வகையான..." என்று ஆரம்பித்தால் போதும், பெரியப்பா மாதிரிக் கல்குவாரி வரைக்கும் கூட்டிப்போய்விடலாம். ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள், இன்னொரு எட்டு வைத்தாள். முதுகில் சுவர் இடித்தது. அதற்கு மேல் போக இடமில்லை.

"எனக்குத் தெரியாது" என்றாள் இங்கிலீஷில். "நாளைக்குத் தெரிஞ்சுக்கிட்டு வர்றேன்."

திரும்பி முன்னால் நடந்தபோது முதுகெல்லாம் சுண்ணாம்பு. அன்றைக்கே 'சுவர் மேடம்' என்று பேர் விழுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரைக் கேட்டாள். "சுத்துற மெஷின்தானே? கீழ இருக்கற மோட்டாரைப் பத்தி எது வேணா கேளு. மேல என்ன சுத்துதுன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார். அந்த வீட்டில் அவளுக்குப் பிடித்ததே அதுதான். மறுநாள் காலையில் சீக்கிரமே போய் ஆய்வுக்கூடத்துப் பெண்ணிடம் கேட்டு, மெஷினைச் சுற்றவிட்டுப் பார்த்தாள். குழாய்களை எதிரும் புதிருமாகச் சமமாக வைக்கிறார்கள், மூடி போட்டுச் சுற்றுகிறார்கள், ரத்தத்தில் கனமானது அடியில் போய் உட்காருகிறது, தெளிந்தது மேலே நிற்கிறது. வகுப்பில் போய்ச் சின்னச் சின்ன வாக்கியமாக, ஒரு வாளித் தண்ணீரையும் ஈரத் துணியையும் வைத்து இங்கிலீஷில் சொன்னாள்.

குறும்புக்காரன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். "மேடம், ரெண்டு வருஷமா அதுல வேலை பார்க்கறேன். இப்பத்தான் எனக்கே புரிஞ்சுது."

அங்கே பிடித்துக்கொண்டாள் பெரியவள். இந்தப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. தலையணை மாதிரி புத்தகங்களை இங்கிலீஷில் படித்துப் பாஸ் பண்ணுகிறவர்கள். ஆனால் வாயைத் திறந்தால் புத்தகம் பேசுகிறது, ஆளைக் காணோம். புரிந்ததையும் புரியாததையும் ஒரே குரலில் சொல்லுகிறார்கள். கேட்கிறவனுக்கு எது உறுதி, எது ஊகம் என்று தெரிவதில்லை. ரத்தச் சோதனையில் அது சும்மா விஷயமா?

அன்றிலிருந்து அவள் வகுப்பே வேறு மாதிரி ஆனது. புரொஜெக்டரை அணைத்துவிடுவாள். "பக்கத்து வீட்டுக்காரர் பஸ் ஸ்டாப்புல நிக்கறார். பஸ் தெரு முனையில திரும்பிடுச்சு. அவர் ஏறுறதுக்குள்ள உன் ஆராய்ச்சி என்னன்னு சொல்லு" என்பாள். வார்டில் இருக்கிற டாக்டருக்குப் போன் போட்டு, ரிசல்ட் ஆபத்தாக இருக்கிறது என்று பதறாமல் சொல்லவேண்டும். ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று ஒரு தாயிடம் சொல்லவேண்டும், அவள் மனசும் உடையக்கூடாது, பொய்யும் சொல்லக்கூடாது. பெரிய பேராசிரியர் சொன்னது தப்பென்று தோன்றினால், அவர் முகம் சுருங்காமல் கேள்வி கேட்கவேண்டும். எல்லாம் இங்கிலீஷில். இதற்கெல்லாம் புத்தகம் கிடையாது. லாரி கம்பெனிக் கடிதங்கள்தான் அவளுக்குப் பாடம்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சுவர். வாரம் ஒரு நாள் ஒரு பிள்ளை முன்னால் வந்து நிற்கவேண்டும். மற்றவர்கள் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பார்கள். பதில் சொல்லிக்கொண்டே வந்து, தெரியாத இடம் வந்ததும் நின்று, தலை நிமிர்ந்து சொல்லவேண்டும்: "இது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் இப்படிச் செய்வேன்." சொல்லிவிட்டுப் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துபோய்ப் பின்சுவரை உள்ளங்கையால் தட்டிவிட்டு வரவேண்டும். வகுப்பு கைதட்டும். முதல் தடவை போகிற பிள்ளை தூக்குமேடைக்குப் போகிற மாதிரி போகும். மூன்றாவது தடவை மாப்பிள்ளை நடை நடக்கும்.

ஒவ்வொரு வருஷமும் வந்த பிள்ளைகள் தட்டித் தட்டி, அந்தச் சுவரில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கருத்த வட்டம் விழுந்துவிட்டது. அங்கே படித்துப் போனவர்கள் கடல் தாண்டி எங்கெங்கோ ஆய்வுக்கூடங்களில் இருக்கிறார்கள். போன் பண்ணும்போது, "மேடம், சுவர் நல்லா இருக்கா?" என்றுதான் முதலில் விசாரிப்பார்கள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தால் சொல்லுவதற்கு ஒன்றுமில்லை. புதுசாக ஒரு துறைத் தலைவர் வந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு உயிர் முழுக்க ஆய்வுக்கூடத்துப் பெரிய ஃப்ரீசர்களில்தான். காலையில் வந்ததும் ஒவ்வொன்றின் கதவையும் மாட்டைத் தட்டிக் கொடுக்கிற மாதிரித் தட்டிக் கொடுப்பார். பிள்ளைகள் அவருக்கு ஐஸ்பெட்டி என்று பேர் வைத்திருந்தார்கள்.

ஒரு நாள் பெரியவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. கடைசி வருஷத்துப் பிள்ளைங்களுக்கு ஆய்வுக்கூடத்துல நேரம் பத்தலை. உங்க வகுப்புல என்ன செய்யறாங்க? எழுந்து போய்ச் சுவரைத் தொட்டுட்டு வர்றாங்க."

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லப் பழகறாங்க சார்."

"அதுக்கு எதுக்கு மேடம் ஒரு வகுப்பு? தெரியாதவன் தானாவே முழிச்சுக்கிட்டு நிக்கப்போறான்."

பெரியவள் சிரிக்கவில்லை. அவரே தொடர்ந்தார். வெளிக் கல்லூரிகளிலிருந்து மூன்று தேர்வாளர்கள் வருகிறார்கள். கடைசி வருஷப் பிள்ளைகள் தங்கள் ஆராய்ச்சியை இங்கிலீஷில் அவர்கள் முன்னால் சொல்லவேண்டும். "அன்னைக்கு நம்ம பிள்ளைங்க நல்லாப் பேசிட்டா, உங்க நேரத்துல நான் கை வைக்கல. தடுமாறினாங்கன்னா அடுத்த வருஷத்துல இருந்து அந்த நேரம் ஆய்வுக்கூடத்துக்கு. நீங்க முதல் வருஷத்துக்கு லீவு லெட்டர் எழுதச் சொல்லிக் கொடுங்க."

வேலை போகாது, சம்பளம் குறையாது. ஆனால் பெரியவள் கட்டி எழுப்பியது ஒரே நாளில் இல்லையென்று ஆகிவிடும். அதுதான் விஷயம்.

வீட்டில் சொன்னாள். அன்றைக்கு அப்பாவும் வந்திருந்தார். வயசாகிவிட்டது, ஆனால் வாய்க்கு வயசாகவில்லை.

"நம்ம குடும்பத்துல எத்தனையோ பேர் எத்தனையோ விதமா மாட்டியிருக்காங்க. தெரியாதுன்னு சொல்லிக் கொடுத்து மாட்டிக்கிட்டது நீ ஒருத்திதாம்மா" என்றார்.

"அதுக்குத்தான் முதல்லயே கேட்டேன், ரத்தத்துக்கு எதுக்கு இங்கிலீஷ்னு" என்று நாத்தனார் ஒத்து ஊதினாள்.

"அண்ணி, அந்தக் கேள்விக்கு இத்தனை வருஷமா பதில் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"எனக்கு இன்னும் புரியலையே."

"அப்ப போய் அந்தச் சுவரைத் தொடுங்க" என்றார் வீட்டுக்காரர், தட்டிலிருந்து தலையை எடுக்காமல். நாத்தனார் முகத்தை ஒரு வெட்டு வெட்டினாள்.

தேர்வாளர்கள் வருகிற சமயம் பார்த்துப் பெரிய அரங்கத்தின் கூரை ஒழுக ஆரம்பித்தது. வேறு பெரிய அறை இல்லாததால் பெரியவளின் வகுப்பறையையே ஏற்பாடு செய்தார்கள். ஐஸ்பெட்டி வந்து நாலு சுவரையும் பார்த்தார். கருத்த வட்டத்தைப் பார்த்ததும் முகம் கோணிவிட்டது. பெயின்டரைக் கூப்பிட்டுவிட்டார்.

பெயின்டர் உப்புத்தாளைத் தேய்த்துக்கொண்டே கேட்டார், "என்னம்மா இது, ஊர்ல உள்ளவன் எல்லாம் எண்ணெய்த் தலையைச் சாச்ச மாதிரி இருக்கு?"

"பிள்ளைங்க கை."

"தேய்க்கத் தேய்க்க உள்ள இருந்து வருதே!"

"வரும். எத்தனை வருஷத்துக் கை" என்றாள் பெரியவள். சுண்ணாம்பு போனால் போகட்டும், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தேற்றிக்கொண்டாள். பெயின்டர் மூன்று சுவரை முடித்துவிட்டு, நான்காவதுக்கு வருவதற்குள் வேறு வீட்டு வேலைக்குப் போய்விட்டார். பெயின்டர்கள் எங்கேயும் அப்படித்தான். கடைசியில் அந்தப் பின்சுவருக்கு நீல வர்ணம் அடித்து முடித்தது, தேர்வாளர்கள் வருகிற அன்றைக்குக் காலையில்தான்.

இனி ரேடியோவைப் பற்றிச் சொல்லவேண்டும். கடைசி வருஷத்தில் முதல் மார்க் வாங்குகிற பெண். நல்ல பெண், நல்ல மூளை. ஆனால் பேச ஆரம்பித்தால் நிற்காது. நடுவில் கேள்வி கேட்டால் காதில் விழாது. வற்புறுத்திக் கேட்டால் மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்துவிடும். அதனால் அந்தப் பேர். வகுப்பிலேயே பின்சுவரை ஒரு தடவைகூடத் தொடாத பிள்ளை அவள் ஒருத்திதான். எல்லாம் தெரியும் என்பதால் இல்லை. தெரியாத இடம் வந்துவிடாதபடி மணி அடிக்கும் வரை பேசித் தள்ளிவிடுவாள்.

பெரியவள் அவளைப் பார்த்த முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். இது திமிர் இல்லை, பயம். அந்த வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. நிறுத்தினால் யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்கள், நீ எப்படி இங்கே வந்தாய் என்றுகூடக் கேட்டுவிடுவார்கள் என்று பயம். வேனுக்கு வழி சொன்ன பெரியப்பாவுக்கும் உள்ளே இதுதான் இருந்திருக்குமோ என்று அந்த வயசில்தான் பெரியவளுக்குத் தோன்றியது. அதனால் ரேடியோவை அவள் ஒரு நாளும் அதட்டியதில்லை. "இன்னைக்கும் மணி அடிச்சிடுச்சும்மா. அடுத்த வாரம் பார்ப்போம்" என்பாள்.

ஐஸ்பெட்டிக்கோ ரேடியோதான் செல்லப்பிள்ளை. "இந்தப் பொண்ணு முதல்ல பேசட்டும். எங்கேயும் நிக்காது" என்று முடிவு செய்துவிட்டார்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. ரேடியோவின் ஆராய்ச்சி சர்க்கரை நோயாளிகளைப் பற்றியது. சிறுநீரகம் கெட்டுப்போவதற்கு ரொம்ப முன்னாலேயே ரத்தத்தில் ஒரு புரதம் கூடுகிறதா என்று பார்த்தாள். கூடுகிறது என்றுதான் வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் எடுத்த ரத்தத்தை உறையவைத்திருந்த ஃப்ரீசர், ஒரு நீண்ட விடுமுறையில் நின்றுபோயிருந்தது. திறந்தபோது விளக்கு எரியவில்லை. எப்போது நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, உள்ளே இருந்ததெல்லாம் இளகிவிட்டதா, யாருக்கும் தெரியாது. ஐஸ்பெட்டிக்கு அது சொந்தப் பிள்ளை பரீட்சையில் தோற்ற மாதிரி. அதைப் பற்றிப் பேசினாலே பேச்சை மாற்றுவார்.

பரீட்சைக்கு முந்தின நாள் வராந்தாவில் ரேடியோ பெரியவளைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், ஃப்ரீசரைப் பத்தி யாராவது கேட்டா?"

"என்ன சொல்லலாம்னு இருக்க?"

"சார் சொல்லிக் கொடுத்திருக்கார். 'சேமிப்பு எல்லாம் முறைப்படி நடந்தது'ன்னு சொல்லிட்டு அடுத்த படத்துக்குப் போயிடச் சொன்னார்."

"அது உண்மையா?"

"பாதி உண்மை மேடம்."

"மீதிப் பாதி?"

ரேடியோ யாரோ கூப்பிட்ட மாதிரி ஓடிப்போய்விட்டாள். துறைத் தலைவர் சொன்னதை மீறு என்று பெரியவள் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அந்தப் பெண் இரண்டு பெரியவர்களுக்கு நடுவே கயிறாகிவிடும். கற்றுக் கொடுத்தது உள்ளே இறங்கியிருந்தால் வரும், இறங்கவில்லையென்றால் நாளைக்குச் சொல்லி என்ன, என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் தேர்வுக்கு அறை புதுப்பெண் மாதிரி இருந்தது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் பளபள. ஒரே வர்ண நெடி. தேர்வாளர்கள் மூன்று பேரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்தவர் வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்த அம்மா. ரொம்பப் படித்தவர், ஆனால் முகத்தில் அதைக் காட்டிக்கொள்ளாத ஜாதி. ஐஸ்பெட்டி வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் கையைக் கட்டி நின்றார். பெரியவள் ஜன்னலோரம் ஒரு நாற்காலியில். அவள் பேசக்கூடாது, சைகை காட்டக்கூடாது. பார்க்கலாம், அவ்வளவுதான்.

ரேடியோ ஆரம்பித்தாள். குழாயைத் திறந்த மாதிரி கொட்டியது. படம் மாறியது, வரைபடம் வந்தது, கோடு ஏறியது. இங்கிலீஷில் ஒரு சொல் இடறவில்லை. ஐஸ்பெட்டியின் முகத்தில் வெளிச்சம். பெரியவளுக்கு மட்டும் கேட்கக் கேட்கத் தூரத்தில் செய்தி வாசிக்கிற மாதிரி இருந்தது.

வெள்ளை முடி அம்மா கையைத் தூக்கினார். மெதுவாகத்தான் கேட்டார்.

"இந்த ரத்தமெல்லாம் எடுத்த நாளிலிருந்து சோதித்த நாள் வரை ஒரே குளிரில்தான் இருந்ததா?"

ரேடியோ, "சேமிப்பு..." என்றாள். நின்றாள்.

நின்றது நின்றதுதான். முன்வரிசையில் இருந்த இன்னொரு தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'போச்சு, பிள்ளை தடுமாறுது' என்று ஐஸ்பெட்டி பின்சுவரில் அப்படியே சாய்ந்துவிட்டார். பெரியவள் மடியில் இருந்த கையை மற்ற கையால் பிடித்துக்கொண்டாள். என் வகுப்பு போனாலும் போகட்டும், இந்தப் பிள்ளை முதலிலிருந்து ஆரம்பித்துவிடக்கூடாது என்றுதான் அவள் மனசு கெஞ்சியது.

ரேடியோ ஆரம்பிக்கவில்லை. கையில் இருந்த ரிமோட்டை மேஜை மேல் வைத்தாள். மேடையை விட்டு இறங்கினாள். பெஞ்சுகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தாள்.

தேர்வாளர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பொண்ணு அழுதுகொண்டு வெளியே போகிறது என்று நினைத்து ஒருத்தர் பாதி எழுந்துவிட்டார். ஆனால் கதவு வேறு பக்கம். உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு மட்டும் புரிந்துவிட்டது. ரேடியோ நேராகப் போய்ப் பின்சுவரில், பழைய வட்டம் இருந்த அதே இடத்தில், பொத்தென்று கையை வைத்தாள்.

வர்ணம் காயவில்லை. கையை எடுத்தபோது உள்ளங்கை முழுக்க நீலம். சுவரில் ஐந்து விரலும் அச்சாகப் பதிந்துவிட்டது. அதைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் பயம் கழன்றது போல. அங்கிருந்தபடியே, நீலக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இங்கிலீஷில் பேசினாள். புத்தக இங்கிலீஷ் இல்லை. பஸ் ஸ்டாப்பு இங்கிலீஷ்.

"எனக்குத் தெரியாது. ஒரு விடுமுறையில் ஃப்ரீசர் நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பின்னால் சேகரித்த ரத்தத்தை நான் நம்புகிறேன். அதற்கு முன்னால் அதில் இருந்ததை நம்பவில்லை. நம்பாததை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். அப்போதும் புரதம் கூடத்தான் செய்கிறது, ஆனால் இங்கே காட்டிய அளவுக்கு இல்லை. உறுதியாகத் தெரியவேண்டும் என்றால், புதிதாக எடுக்கிற ரத்தத்தைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை வேண்டுமென்றே இளகவிட்டு மறுபடி உறையவைத்து, இரண்டையும் சோதித்துப் பார்க்கவேண்டும். அதுவரைக்கும் இது பாதி பதில்தான். நோயாளியிடம் இதைச் சொல்லக்கூடாது."

பெரியவளுக்குக் கண்ணை மறைத்தது. அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து, யாருக்கும் சொல்லாமல், அந்தக் கணக்கைப் போட்டு வைத்திருந்திருக்கிறது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

பிள்ளைகள் பழக்கதோஷத்தில் கைதட்டிவிட்டார்கள். அப்புறம்தான் தேர்வு நடக்கிறது என்று ஞாபகம் வந்து பாதியில் நிறுத்தினார்கள்.

வெள்ளை முடி அம்மா நாற்காலியை முழுக்கத் திருப்பிக்கொண்டார். "இவ்வளவு நன்றாகப் பேசத் தெரிந்தவள் முதலில் ஏன் அப்படிப் பேசினாய்?" என்றார். ரேடியோவுக்கு அதற்குப் பதில் இருந்தது. "பயத்தில்" என்றாள். "சரி, சுவருக்கு ஏன் போனாய்?" ரேடியோ அதையும் சொன்னாள், முதல் நாள் சுண்ணாம்புக் கதையிலிருந்து, முழுசாக. அவளுக்கு அது சீனியர்கள் சொல்லித் தெரிந்த கதை. பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த அம்மா துறைத் தலைவர் பக்கம் பார்த்தார். "ஃப்ரீசர் ஏன் நின்றது?"

ஐஸ்பெட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் நடந்து வந்தார். வாயில் ஏதோ ஒரு நீளமான பதில் தயாராக இருந்தது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் அவர் நடக்க நடக்க வகுப்பில் ஒரு குசுகுசுப்பு, அப்புறம் அடக்க முடியாத சிரிப்பு. வெள்ளைக் கோட்டின் முதுகு முழுக்க, தோளிலிருந்து இடுப்பு வரை, நீலம்.

"சார், நீங்க அவளுக்கு முன்னாடியே தொட்டுட்டீங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

ஐஸ்பெட்டி கோட்டை இழுத்துப் பார்த்தார். கோபம் வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். மனுஷன் கொஞ்ச நேரம் நீலத்தையே பார்த்தார். "தெரியலை" என்றார். "இன்னைக்கு வரைக்கும் தெரியலை. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்கறேன்."

கைதட்டல் கூரையைத் தூக்கிவிட்டது. அதற்கப்புறம் பேசிய பிள்ளைகளில் சுவருக்குப் போகாதவர்கள் குறைவு. மாலையில் பின்சுவரைப் பார்த்தால், பறவைக் கூட்டம் உட்கார்ந்து எழுந்த மாதிரி கை அச்சு.

தேர்வாளர்கள் புறப்படும்போது வெள்ளை முடி அம்மா பெரியவளிடம் வந்தார். "எந்தக் கல்லூரியில் அறிவியல் படித்தீர்கள்?" என்று கேட்டார். "நான் லாரி கம்பெனியில் படித்தேன்" என்றாள் பெரியவள். அந்த அம்மா சிரித்துவிட்டு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த மாதம் தங்கள் கல்லூரிக்கு வந்து அங்கே உள்ள ஆசிரியர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கவேண்டும் என்றார். ஐஸ்பெட்டி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்து அவரே வகுப்பறைக்கு வந்தார். பெயின்டர் அந்தச் சுவருக்கு இன்னொரு பூச்சு அடிக்கட்டுமா என்று டப்பாவோடு நின்றுகொண்டிருந்தார்.

"வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்றார் ஐஸ்பெட்டி. அப்புறம் பெரியவளைப் பார்த்து, "உங்க நேரத்துல கை வைக்க மாட்டேன்னு சொன்னேன் இல்லையா? வைக்கல. ஆனா ஒரு விஷயம். வாரத்துல ஒரு நாள் நானும் வந்து கடைசி பெஞ்சுல உட்காரலாமா?"

"தாராளமா வாங்க சார். கோட்டு மட்டும் பழசா போட்டுக்கிட்டு வாங்க."

வீட்டில் அன்றைக்கு இதை மூன்று தடவை சொல்லவைத்தார்கள். வீட்டுக்காரர் கடையில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லித் தீர்த்தார். நாத்தனாருக்கு ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது.

"எல்லாம் சரிடி. அந்த ரேடியோ பொண்ணுக்கு எவ்வளவு மார்க் போட்டாங்க?"

"தெரியாது அண்ணி" என்றாள் பெரியவள். அந்த ஒரு சொல்லை அவ்வளவு பெருமையாகச் சொல்ல முடியும் என்று அந்த வீடு அன்றைக்குத்தான் பார்த்தது.

அப்பா வாசல் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு ஸ்கூட்டர்காரர் நின்று, பார்சலைக் காட்டி ஒரு வீட்டு விலாசம் கேட்டார். அப்பாவின் வலது கை தானாக எழுந்து தெரு முனைப் பக்கம் நீண்டது. பாதி வழியில் நின்றது. அப்புறம் மெதுவாக இறங்கி, சாய்ந்திருந்த சுவரில் ஒரு தட்டுத் தட்டியது.

"தெரியலையேப்பா" என்றார். "கொஞ்சம் இரு. உள்ளே என் பொண்ணு இருக்கா. கேட்டுச் சொல்றேன்."